ஆறு வருடத் தள்ளுபடி

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவருக்குப் பெருமைப்பட ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆறு வருடமாகக் கார் இன்சூரன்ஸில் அவர் ஒரு கிளெய்ம்கூடப் போட்டதில்லை. அதற்காகக் கம்பெனி பிரீமியத்தில் பாதியைக் குறைத்திருந்தது. மற்றவர்கள் பிள்ளைகளின் மார்க்கைச் சொல்வதுபோல அவர் அந்தத் தள்ளுபடியைச் சொல்லிக்கொண்டு திரிவார்.

ஒரு நாள் மழை. இடி இல்லை. அந்தக் குறையை அவரே தீர்த்து வைத்தார். பல் டாக்டரிடம் போய்விட்டுத் திரும்பும்போது, காரைப் பின்னால் எடுத்தவர் தூணில் இடித்தார். பின்கதவு உள்வாங்கிவிட்டது. ஊரார் எல்லாரையும் கடைசி வரி வரை படிக்கச் சொல்கிறவருக்கு ஆளுயரத் தூண் தெரியவில்லை. பாதி வாய் மரத்திருந்ததால் ஐயோ என்றுகூட முழுசாகச் சொல்ல முடியவில்லை.

இன்சூரன்ஸ் ஏஜெண்ட், மனைவியின் தம்பி. அவனிடமே போனில் கேட்டார், வேறு ஆளுக்காகக் கேட்பதுபோல.

"மாப்ளே, எங்க கடையில ஒருத்தர் கார்க் கதவு நசுங்கிடுச்சு. கிளெய்ம் போடலாமா?"

"போடலாம் மாமா. ஆனா தள்ளுபடி மொத்தமும் போயிடும். அடுத்த வருஷம் முழு பிரீமியம். அப்புறம் முதல்லேர்ந்து ஒவ்வொரு வருஷமா ஏறணும். சின்ன அடின்னா கைக்காசுல சரி பண்றதுதான் லாபம்."

"அதாவது, தள்ளுபடியில படி போயிடும், தள்ளு மட்டும் மிஞ்சும்."

மைத்துனன் சிரிக்கவில்லை.

கடை மேஜை டிராயரில், காலி லென்ஸ் டப்பாவுக்குள், ஒரு டெலஸ்கோப் வாங்குவதற்காக மூன்று வருடமாகச் சேர்த்த பணம் இருந்தது. சனிக்கோளின் வளையத்தை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. டப்பாவைப் பட்டறைக்காரரிடம் கவிழ்த்தார். சனி தன் பக்கத்திலேயே இருக்கும்போது அவ்வளவு தூரம் பார்ப்பானேன் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

வீட்டில் மனைவி கேட்டாள். "ஏங்க, வண்டி எங்க?"

"சர்வீஸுக்கு விட்டிருக்கேன்."

"போன மாசம்தானே விட்டோம்?"

"இது மழைக்கால சர்வீஸ்."

"நல்லதுதான். பெயின்ட் மட்டும் ஒரே கலரா இருக்கான்னு பாத்து வாங்குங்க."

சர்வீஸுக்கும் பெயின்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை.

இரண்டு மாதம் கழித்து, இன்சூரன்ஸைப் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. தள்ளுபடி என்ற இடத்தில் பூஜ்யம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பூஜ்யம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் கடிதத்தை நீட்டினார். "கம்பெனிக்காரன் தப்புப் பண்ணிட்டான்."

"தப்பில்லைங்க. மூணு மாசம் முன்னாடி நீங்க உங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்ப நான் கேட்ல இடிச்சுட்டேன். முன்பக்கம் பூரா போச்சு. தம்பிதான் கிளெய்ம் போட்டு, நீங்க வர்றதுக்குள்ள சரி பண்ணிக் குடுத்தான்."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"அந்தத் தள்ளுபடி மேல உசுரையே வெச்சிருந்தீங்க. எப்படிச் சொல்றது?"

இல்லாத தள்ளுபடியைக் காப்பாற்றத்தான் டப்பாவைக் காலி செய்திருக்கிறார். அது மெல்ல மெல்லத்தான் அவருக்கு உறைத்தது.

"பின்கதவு விஷயம் உனக்குத் தெரியுமா?"

"நீங்க போனை வெச்ச அடுத்த நிமிஷமே தம்பி சொல்லிட்டான்."

"அன்னைக்கே சொல்லியிருந்தா அதையும் கிளெய்ம்லயே போட்டிருப்பேனே."

அவள் அவருடைய சட்டையை உதறி மடித்தாள்.

"ஒரே வருஷத்துல ரெண்டு கிளெய்ம் போட்டா பிரீமியம் இன்னும் ஏறுமாம். குடும்பம்னா ஒருத்தர் கிளெய்ம் போடணும், ஒருத்தர் கைக்காசு போடணுங்க."