நாற்பத்தொரு படங்களின் பாதுகாப்பான பயணம்

ஆபத்தான பொருளை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அலுங்காமல் குலுங்காமல் கொண்டுசேர்க்கும் கலையில் சிவகாசி வட்டாரத்தை மிஞ்ச இன்னொரு தேசம் பிறக்கவில்லை. அந்தக் கலை தன் உச்சத்தைத் தொட்டது 2008 ஆகஸ்ட் பதினோராம் தேதி, திங்கட்கிழமை. ராகுகாலம் முடிந்த எட்டாவது நிமிடத்தில், விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு முதலாளியின் வீட்டு மாடியில், ஒரு செல்போனிலிருந்து ஒரு கம்ப்யூட்டருக்கு நாற்பத்தொரு புகைப்படங்கள் புறப்பட்டன. தூரம், ஒரு முழம். பிற்பகல் இரண்டு இருபத்து மூன்றுக்குப் போய்ச் சேர்ந்தன. உயிர்ச்சேதம் இல்லை.

இந்தச் சாதனையின் நாயகர் தனுஷ்கோடி அண்ணாச்சி. ஊரில் எல்லாரும் போனில் பேசிக்கொண்டு மட்டும் இருந்த காலத்தில், சிங்கப்பூர் மைத்துனர் கொடுத்த 'ஸ்மார்ட்போனில்' அவர் படம் பிடித்தார். தொழிற்சாலைக்குள் யாரும் போன் கொண்டுபோகக் கூடாது என்று கேட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்தவர் அவரே. 'யாரும்' என்பதில் அண்ணாச்சி அடக்கமில்லை என்பதால், அறை அறையாக நுழைந்து நாற்பத்தொரு படம் எடுத்துவந்தார். அதற்கு உயர்ந்த நோக்கம் ஒன்று இருந்தது. வட்டாரத்து முதலாளிமார் சிலர் கமிட்டியாகக் கூடி 'பாதுகாப்புச் சுடர்' என்று ஒரு கேடயம் ஏற்படுத்தியிருந்தார்கள். விண்ணப்பத்தோடு எல்லா அறைகளின் வண்ணப்படமும் இணைக்க வேண்டும். கடைசி நாள் அந்தத் திங்கட்கிழமை, மாலை ஐந்து மணி.

படங்களை ஏற்றித்தர ஆபீஸிலிருந்து செல்லக்கனியைக் கூட்டிவரக் கார் போனது.

செல்லக்கனி அந்த வம்சத்திலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். ஏழாயிரம்பண்ணைப் பக்கமிருந்து தினமும் கம்பெனி வேனில் அம்மாவோடு வருவாள். மகள் முன்கேட்டில் இறங்கி ஆபீஸுக்குப் போவாள். அம்மா பொன்னுத்தங்கம் பின்கேட்டில் இறங்கி, பதினாலாம் நம்பர் அறைக்கு, வெடிக்கு மருந்து செலுத்தப் போவாள். அந்த அறையில் நான்கு பேர் இருக்கலாம் என்பது சட்டம். பதினொரு பேர் இருந்தார்கள். போன வருஷம் பக்கத்து அறையில் தீப்பிடித்தபோது பதினொரு பேரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு ஓட, கடைசியாக வெளியே வந்தவள் பொன்னுத்தங்கம். முதுகில் ஒரு கை அகலத்துக்குத் தழும்பு.

"சட்டப்படி நாலு பேரை மட்டும் உட்கார வையுங்க" என்று செல்லக்கனி மூன்று முறை மனு எழுதிக் கொடுத்திருந்தாள். அண்ணாச்சி மூன்றையும் மரியாதையாக வாங்கிக்கொண்டார். முதல் முறை, "பாக்கலாம்." இரண்டாம் முறை, "பாத்துக்கிட்டுத்தானம்மா இருக்கேன்." மூன்றாம் முறை, "சீசன் முடியட்டும்." சீசன் முடிவது தீபாவளியன்று. அடுத்த சீசன் தொடங்குவது தீபாவளிக்கு மறுநாள்.

மாடியேறிப் போனவளை அறை வாசலில் போர்மேன் ஒச்சப்பன் கையை நீட்டித் தடுத்தார். மற்றொரு கையில் ஒரு புத்தகம்.

"செருப்பக் கழட்டு. கொண்டையூசி, வளையல் எல்லாத்தையும் எடுத்துரு. அந்தச் செப்புத் தகட்டுல கைய வையி."

"எதுக்குண்ணே?"

"ஒடம்புல இருக்கிற கரண்டு பூமிக்குப் போகணும்ல. ரூல்ஸு."

செல்லக்கனி தகட்டில் கையை வைத்தாள். ஓரத்தில் ஒரு நெளிசல். அந்த நெளிசல் பழக்கப்பட்டதாக இருந்தது.

"இது பதினாலாம் ரூம்பு வாசல்ல இருந்ததுல்லண்ணே?"

"ஆமா. அங்கன சும்மாதான கெடந்துச்சு."

இதற்கெல்லாம் மூல காரணம் பதினைந்து நாள் முன்பு நடந்த 'விபத்து'. வீட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று 'டப்' என்றது. வருஷத்துக்குக் கோடிக்கணக்கில் 'டப்' செய்து நாடெங்கும் அனுப்பும் அண்ணாச்சி, அந்த ஒற்றை 'டப்'புக்குக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டார். வெளியே எடுக்க இருபது நிமிடம் ஆனது. "நம்ம சரக்கு பத்த வச்சாத்தான் வெடிக்கும். இது சும்மா இருக்கையிலே வெடிக்குது" என்றாராம். உடனே, பதினெட்டு வருஷமாக ஆபீஸ் அலமாரியில் நூல் பிரிக்காமல் இருந்த பட்டாசுத் தொழிற்சாலைப் பாதுகாப்பு விதிப் புத்தகம் வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. புதுக் கம்ப்யூட்டருக்கு அந்த விதிகளில் ஒன்றுகூடக் குறையக் கூடாது என்று உத்தரவு.

ஒன்றுகூடக் குறையவில்லை. மூலைக்கொரு மணல் வாளி. தரையில் ரப்பர் விரிப்பு. அறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்று புத்தகம் சொன்னதால் ஆசாரியை வைத்துக் கதவைக் கழற்றித் திருப்பி மாட்டியிருந்தார்கள். பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும் என்பதால், நல்ல காரியமாயிற்றே என்று பட்டுப்புடவையில் வந்த மொதலாளியம்மா லட்சுமிகாந்தத்தை ஒச்சப்பன் திருப்பி அனுப்ப, அந்த அம்மாள் அடுப்படிப் புடவையில் வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இந்த நேரத்தில் டிரைவர் சோலைச்சாமி டீத்தட்டோடு வந்து ஒரு காலை உள்ளே வைத்தார்.

"ஏலே!" என்று அண்ணாச்சி போட்ட சத்தத்தில் நான்கு டம்ளரும் ஆடின. "வெளிய போலே! நான், அவ, ஒச்சப்பன், இந்தப் புள்ள. நாலு பேரு ஆச்சு. அஞ்சாவது ஆளு எப்படி உள்ள வரலாம்?"

"டீ அண்ணாச்சி..."

"வாசல்ல வையி. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நாலு பேருன்னா தப்பிச்சு வெளிய வரலாம். அஞ்சு பேரு வந்தா வாசல்ல முட்டிக்கிட்டுச் சாவோம்லே! சட்டம் போட்டவன் என்ன கிறுக்கனா?"

சட்டத்துக்கு இவ்வளவு தெளிவான உரையை செல்லக்கனி அதுவரை கேட்டதில்லை. மூன்று மனுவிலும் அவள் எழுதியது இதைத்தான். இவ்வளவு உருக்கமாக எழுத அவளுக்கு வரவில்லை.

அடுத்து வயர். போனையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் அந்தக் கறுப்பு வயரை அவள் பெட்டியிலிருந்து எடுத்ததும் அண்ணாச்சி சுவரோடு சுவராக நின்றார்.

"எம்மா, இம்புட்டுத்தான் நீளமா? ஒரு முழத் திரியக் கையில வச்சுக்கிட்டு எவனாச்சும் பத்த வைப்பானா? பத்தடி இல்லையா?"

"இது திரி இல்ல மொதலாளி. இதுல படம் மட்டுந்தான் போகும்."

"போகையில சூடேறுமா?"

"ஏறாது."

"எழுதித் தாரியா?"

மொதலாளியம்மா தன் பங்குக்கு விஞ்ஞானம் பேசினாள். "என்னங்க, வயரே இல்லாம அனுப்பலாம்னு எங்க தம்பி சொன்னானே. புளூடூத்தாம்ல."

"வயரில்லாம எது வழியா போகும்? காத்துலயா? காத்துல போனா அடுத்த வீட்டுக்காரன் பிடிச்சுக்கிட மாட்டானா? அவனும் கேடயத்துக்கு எழுதிப் போட்டிருக்கான் தெரியும்ல?"

வயரே முடிவானது. "எல்லாத்தையும் ஒண்ணா ஏத்திரவா?" என்று செல்லக்கனி கேட்டதும் ஒச்சப்பன் புத்தகத்தைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். அளவுக்கு மேல் மருந்தை ஓரிடத்தில் சேர்க்கலாகாது. எனவே, ஒவ்வொரு படமாக. ஒரு படம் போனதும் வயரைப் பிடுங்கி, போனை ஈரத்துணி மேல் ஆறப்போட வேண்டும். மொதலாளியம்மா போனின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்து, "இறங்கிருச்சு" என்று சொன்ன பிறகுதான் அடுத்தது. படத்துக்கு ஏழு நிமிடம். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால்கூட அந்த வீட்டில் இத்தனை முறை தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இருபத்தேழாவது படத்தை அவள் திறந்து பார்த்தது மணி பன்னிரண்டரைக்கு மேல்.

பதினாலாம் நம்பர் அறை. மேலே இடது பக்கம், 'இவ்வறையில் நால்வருக்கு மேல் கூடாது' என்ற போர்டு, எழுத்தெழுத்தாகத் துலங்கியது. அதன் கீழே வரிசையாகப் பதினொரு பேர். முழங்கையோடு முழங்கை. நடுவில், முகமெல்லாம் வெள்ளி மருந்து அப்பிய பொன்னுத்தங்கம், முதலாளி படம் பிடிக்கிறார் என்பதற்காகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒச்சப்பன் விதிப் புத்தகத்தை மூடினார்.

"ஏம்மா கனி" என்று அண்ணாச்சி கனிவோடு ஆரம்பித்தார். "கம்ப்யூட்டர்ல வெட்ட முடியுமாமே. நாலு பேரு மட்டும் தெரியுற மாதிரி வெட்டிரு."

"எந்த நாலு பேரு மொதலாளி?"

"யாரு நல்லா சிரிச்சிருக்காகளோ அவுகள வையி. உங்கம்மாவ வச்சுக்கோ, நான் வேணாங்கல."

"மத்த ஏழு பேரு?"

"அவுக எங்க போகப் போறாக? ரூம்புலதான் இருப்பாக. படத்துல இருக்க மாட்டாக, அம்புட்டுத்தான்."

"வெடிச்சா, படத்துல இருக்கிற நாலு பேருக்கு மட்டுந்தான் வெடிக்குமா மொதலாளி?"

"ஏ புள்ள, என்ன வாய் நீளுது?" என்று ஒச்சப்பன் எழுந்தார். ரப்பர் விரிப்பு வழுக்கியதால் உட்கார்ந்துவிட்டார்.

செல்லக்கனி வெட்டிக் காட்டினாள். நான்கு பேர் மிஞ்சினார்கள். கூடவே போர்டும் போய்விட்டது. போர்டை உள்ளே கொண்டுவந்தால் பதினொரு பேரும் வந்தார்கள். போர்டு ஒரு கோடி, நல்ல சிரிப்பு மறு கோடி; போர்டுக்கு நேர் கீழே இருந்தவர்கள் சிரிக்கவே இல்லை. அண்ணாச்சி இப்படியும் அப்படியும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"போர்டு போச்சுன்னா பாதுகாப்பே போச்சே" என்றார் உண்மையான துயரத்தோடு. அந்தப் போர்டைப் போன மாதம்தான் புதிதாக எழுதி மாட்டியிருந்தார். படத்துக்காக.

"போர்டு இருக்கட்டும் அண்ணாச்சி" என்றார் ஒச்சப்பன் தரையிலிருந்தே. "கமிட்டி போர்டத்தான் பாக்கும். ஆளயா எண்ணப் போறாக?"

போர்டு வென்றது. மீதிப் படங்களும் காய்ச்சல் பார்க்கப்பட்டு வந்துசேர்ந்தன. விண்ணப்பத்தில் ஒவ்வோர் அறைக்கும் 'அறையில் பணியாற்றுவோர் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் இருந்தது. செல்லக்கனி பதினாலாம் அறைப் படத்தைப் பார்த்தாள், எண்ணினாள், '11' என்று தட்டினாள். ஐந்து மணி நெருங்கியதால் அண்ணாச்சி படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

கமிட்டி ஆளை எண்ணியது. அவள் எதிர்பார்த்ததும் அதுதான். எண்ணினால் ஆளனுப்புவார்கள், கேட்பார்கள், அம்மா அருகில் கொஞ்சம் இடம் காலியாகும் என்று பதிமூன்று நாள் காத்திருந்தாள். கேடயம் வந்தது.

ஆகஸ்ட் இருபத்து நான்கு, ஞாயிற்றுக்கிழமை மாலை விழா. மேடைக்குப் பின்னால் இருபதடி அகலத்துக்குப் பதினாலாம் நம்பர் அறை. சிவகாசியில் அச்சுக்கு என்ன பஞ்சம், அதே படத்தை வழவழப்பான தாளில் பாராட்டுப் பத்திரமாகவும் ஆயிரம் பிரதி அடித்து நாற்காலி நாற்காலியாகக் கொடுத்தார்கள். கமிட்டித் தலைவர் அதை மைக்கில் வாசித்தார். "'நால்வர் என்பது விதி. ஆயினும் நம்மில் பலர் பதினாறு, பதினெட்டு என்று அமர்த்தும் இந்நாளில், தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரிக்கும் வேளையிலும், பதினொன்றோடு நிறுத்திக்கொண்ட திரு. தனுஷ்கோடி அவர்களின் தன்னடக்கத்தைக் கமிட்டி ஏகமனதாகப் பாராட்டுகிறது.'" கமிட்டி உறுப்பினர் ஏழு பேரும், ஏழு தொழிற்சாலை முதலாளிகள், கம்பெனிப் பெயரோடு கீழே கையெழுத்திட்டிருந்தார்கள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசி வரிசையில் பொன்னுத்தங்கம் அண்ணாந்து பார்த்தபடி இருந்தாள்.

"ஏத்தா கனி, நானா அது?"

"நீதான்."

"எம்புட்டு நெருக்கிக்கிட்டு இருக்கோம் பாத்தியா. உள்ள இருக்கையில இப்படித் தெரியல." மேடைப் பக்கம் திரும்பிக் கேட்டாள். "எதுக்குக் கைதட்டுறாக?"

"பன்னெண்டாவது ஆள வைக்காததுக்கு."

பொன்னுத்தங்கம் மறுபடியும் படத்தைப் பார்த்தாள். பிறகு காலியாய்க் கிடந்த பக்கத்து நாற்காலிகளிலிருந்து இரண்டு பாராட்டுப் பத்திரத்தை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு நான் வேனுல ஏறல. எங்கன போகணுமோ கூட்டிட்டுப் போ."

மறுநாள் திங்கட்கிழமை. சூலக்கரை கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாள். தாயும் மகளும் மூன்று பஸ் மாறிப் போய் வரிசையில் நின்றார்கள். மனுவை வாங்கிப் பார்த்த அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "பதினொரு பேர்னு எழுதியிருக்கீங்க. விசாரணைன்னு வந்தா உங்க முதலாளி நாலு பேர்தான்னு சொல்லுவாரே. உங்ககூட வேலை பார்க்கிறவங்க யாராவது சாட்சி சொல்ல வருவாங்களா?" என்றார்.

"அவுக வர மாட்டாக சார். வேல போயிரும்" என்றாள் பொன்னுத்தங்கம்.

"அப்போ எதை வச்சு விசாரிக்கிறது?"

செல்லக்கனி மடித்திருந்த தாளை மேஜையில் பிரித்து வைத்தாள். அதிகாரி மேலே இருந்த படத்தைப் பார்த்தார். கீழே வாசித்தார். பதினாறு, பதினெட்டு என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இதை யாரும்மா எழுதினது?"

"அவுகளேதான் சார்" என்றாள் செல்லக்கனி. "நான் ஒருத்தர் மேலதான் மனு கொண்டுவந்தேன். மிச்ச ஏழு பேரும் அவுக குத்தத்த அவுகளே ஒத்துக்கிட்டு, கலர்ல அச்சடிச்சு, கையெழுத்துப் போட்டு, கைதட்டியும் கொடுத்துட்டாக."