வேலை போன வெள்ளைக்காரரும் முன்னறை மேசையும்

எல்கடுவ,
புதன்கிழமை.

பிரியமுள்ள மகள் சுதர்சினிக்கு,

அப்பா லெட்சுமணன் எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முதல்நாளே சேதி சொல்லிவிடுகிறது. உன் சுகத்தையும் கொழும்பு வெயிலையும் பற்றி அறிய ஆசை. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ மூன்று சொல்கிறாய். கடைசியில் நான் "சரிம்மா" என்று வைத்துவிடுகிறேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது.

இனிமேல் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கம்பனியில் சொல்லிவிட்டார்கள், கொழும்பு அறையைக் காலிசெய்துவிட்டு நம் முன்னறையில் உட்கார்ந்து வேலை பார்க்கட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

போன மாதம் வேன் ஓட்டும் பிரதீஷ் ஒரு வெள்ளைக்காரரைக் கூட்டிவந்தான். பெயர் லூக்காஸ். ஜெர்மனிக்காரர், ஆனால் ஜெர்மனியில் இருப்பதில்லை. லிஸ்பனில் இருந்தாராம், பாலித் தீவில் இருந்தாராம், பிறகு வெலிகமக் கடற்கரையில் இருந்தாராம். போன இடமெல்லாம் தன்னைப் போலவே லெப்டொப்போடு ஆட்கள் வந்து நிறைந்துவிடுகிறார்கள், ஊர்க்காரரைக் கண்ணால் பார்க்கக் கிடைப்பதில்லை என்று சலித்துப்போய் மலை ஏறியிருக்கிறார். ஊர்க்காரரைத்தானே, தாராளமாகப் பார்க்கலாம் என்று முன்னறையைக் கொடுத்தேன். மறுநாள் காலை எல்லோரும் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும்போது மனுஷன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும்போதும் அதே இடம். சாயங்காலமும் அதே இடம். நம் தோட்டத்தில் கை கால் நன்றாக இருக்கிற ஆம்பிளை பகல் முழுக்க வீட்டில் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக் காத்தாயி அக்கா வேலியோரம் வந்து, "பாவம் தம்பி, அந்தப் புள்ளைக்கு வேல போயிருச்சு போல. மொகத்தப் பாத்தாலே தெரியுது" என்றார். இல்லை, அவர் வேலைதான் செய்கிறார் என்றேன். "என்னா வேல?" என்றார். எனக்கும் தெரியாததால் உள்ளே போய், தொழிற்சாலையில் பழகிய இங்கிலீசில் லூக்காஸையே கேட்டேன். கூட்டம் நடத்துவது என்றார். எதற்குக் கூட்டம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் என்ன பேசுவது என்று முடிவுசெய்ய என்றார். அதை அப்படியே வந்து காத்தாயி அக்காவிடம் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டார். "அவ்வளவு தூரத்துக்கு ஆயிருச்சா" என்றார்.

அன்றிலிருந்து காலையில் ஒரு வீட்டு ரொட்டியும் சம்பலும், மத்தியானம் இன்னொரு வீட்டுச் சோறும் கருவாட்டுக் குழம்பும் வரத் தொடங்கின. லூக்காஸ் எல்லாவற்றையும் கும்பிட்டு வாங்கினார். உலகம் சுற்றியும் இப்படி ஒரு உபசரிப்பைக் கண்டதில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாதி சம்பலின் காரம். அவர் கண்ணைத் துடைப்பதைப் பார்த்தவர்கள் சோற்றைக் கூட்டினார்கள். வெள்ளிக்கிழமை கோயிலில் அவருக்கு வேலை கிடைக்க அர்ச்சனை. பூசாரி நட்சத்திரம் கேட்டார். யாருக்கும் தெரியாததால் என்னுடையதைக் கொடுத்துவிட்டேன். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, தோட்டத்துச் சங்கத் தலைவர் ஜெயக்காந்தன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அந்நேரம் லூக்காஸ் கூட்டத்தில் இருந்தார், லெப்டொப்பில் ஆறு தலைகள் தெரிந்தன. "இதுதான் கம்பனியாங்க?" என்று தலைவர் என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன், நான் விட்ட பிழை அதுதான். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நோட்டீஸ் குடுக்காம ஆள நிப்பாட்ட ஏலாது. சங்கம் பாத்துக்கிட்டு இருக்காது" என்று முதலில் தமிழிலும், பிறகு விரலை நீட்டி இங்கிலீசிலும் சொன்னார். ஆறு தலைகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையிலிருந்து மறைந்தன. மறுநாள்தான் விஷயம் வெளியே வந்தது. அந்த வாரம் உண்மையாகவே சிலரை நிறுத்த இருந்தார்களாம், அதில் லூக்காஸும் ஒருவராம், அவருக்கே அது தெரியாதாம். எப்படியோ சேதி கசிந்து சங்கம் வரைக்கும் போய்விட்டது என்று பயந்து அவரை மட்டும் விட்டுவிட்டார்கள். லூக்காஸ் தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. தலைவர் இப்போது தரையில் நடப்பதில்லை.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ கொழும்பில் ஒன்பதாம் மாடியில், குளிர் அறையில் வேலை செய்கிறாய் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். நீ அந்த ஜன்னலோரம் உட்கார்ந்தால், லெட்சுமணன் மகளுக்கு வேலை போய்விட்டது என்று ரொட்டியோடு வருவார்கள். வெள்ளைக்காரர் பெயருக்கு நடந்த அர்ச்சனையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் பெயருக்கு நடந்தால் என்னால் தாங்க முடியாது. உன்னைக் கொழுந்துக் கூடை தொடவிடாமல் படிக்கவைத்தது ஊர் உன்னைப் பார்த்து "பாவம்" என்று சொல்வதற்கு இல்லை. நீ இல்லாமல் வீடு வெறிச்சென்றுதான் இருக்கிறது, சாப்பிடும்போது நானும் அம்மாவும் பேசுவதற்கு ஒன்றும் இல்லை, அது வேறு விஷயம். கொழும்பிலேயே இரு. இதுதான் என் முடிவு, மாற்றம் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே. எங்கே இருந்தாலும் அந்த முருகன் உன் பக்கத்தில் இருப்பார்.

உன் நன்மையை மட்டுமே யோசிக்கும்,
அப்பா.

பி.கு.: லூக்காஸ் நேற்று வியட்நாமுக்குப் புறப்பட்டுவிட்டார். மேசை சும்மா கிடந்ததால் அதில் உட்கார்ந்துதான் காலையிலிருந்து இதை எழுதினேன். காத்தாயி அக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்தார். எனக்கு உடம்புக்கு என்ன என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். "சுதா மேசையில என்னா தம்பி செய்யிறீங்க? எந்திரிங்க, புள்ள வேல செய்யிற எடம், தொடச்சு வைக்கணும்" என்றார். விசாரித்தால், நீ வீட்டிலிருந்தே கம்பனி வேலை செய்ய வருகிறாய் என்று அம்மா தோட்டம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். உன் கம்பனி ஏதாவது வாலாட்டினால் தான் இருப்பதாகத் தலைவரும் வாக்குக் கொடுத்திருக்கிறாராம். ஒருவரும் பாவம் என்று சொல்லவில்லை. ஆகையால் வா. பின்னேரம் அந்த ஜன்னலில் வெயில் அடிக்கிறது, திரை போட்டுவிட்டேன். இதை அனுப்ப அம்மாவிடம் முத்திரை கேட்டேன். "முத்திரைய ஏன் வீணாக்குறீங்க? அவ வெள்ளிக்கிழம வந்து எறங்குறா, கையிலயே குடுங்க" என்கிறாள்.