குடை டீச்சரும் முத்தையாவின் ஓட்டும்

குடை டீச்சரைக் கண்டு நடுங்காத அரசாங்க ஊழியர் எவராவது சிவகாசியில் இருந்தார் என்றால், அவர் அன்றைக்கு லீவில் இருந்திருப்பார். வெயிலோ மழையோ, டீச்சர் அந்தக் குடையை விரித்ததே கிடையாது. ஆபீஸ் மேஜைகளைத் தட்டுவதற்கென்றே அதை வைத்திருந்தார்.

ஐம்பதுகளில் ஒரு தேர்தல் வந்தது. டீச்சரின் பக்கத்து வீட்டு முத்தையா தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறவன். வயது முப்பதைத் தொட்டும் எழுத்தும் கணக்கும் அவனுக்கு ஏறவில்லை. "புத்தி வளராதவனுக்கு ஓட்டு எதுக்கு?" என்று தெருவே சிரித்தது. டீச்சர் விடுவாரா?

"லிஸ்ட்ல அவன் பேர் இருக்குல்ல? சர்க்கார் குடுத்த உரிமை. உங்க வீட்டுச் சொத்தா?"

அப்போது ஓட்டுச் சீட்டில் முத்திரை குத்தும் வழக்கம் இல்லை. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிமேல் சின்னம். பிடித்த பெட்டிக்குள் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். டீச்சர் தன் வகுப்பறையில் பழைய சேலையைத் திரையாகக் கட்டி, பிஸ்கட் டின்களை வைத்து ஒத்திகை நடத்தினார். முதல் நாளே வந்தது வினை. கையில் தாளைக் கொடுத்தால் முத்தையா வேறென்ன செய்வான்? வேலை முடிந்து வந்தவன் விரலில் மிச்சமிருந்த பசை போதாதா? டின்மேல் ஒட்டிவிட்டான், கோணல் இல்லாமல்.

"ஏலே, ஒட்டாதலே! உள்ள போடு! யாருக்குன்னு யார் கேட்டாலும் சொல்லாத!"

ஒட்டிய கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

தேர்தலன்று சாவடியில் விரலுக்கு மை வைத்த குமாஸ்தா நான்தான். முத்தையாவைக் கண்டதும் ஒரு கட்சி ஏஜெண்டு துள்ளி எழுந்தார். "இவனுக்கு ஒண்ணும் தெரியாது சார். விடாதீக!"

டொக்! பின்னால் வரிசையில் நின்ற டீச்சரின் குடை மேஜையில் விழுந்தது. "உங்களுக்கு எம்புட்டுத் தெரியும்னு கேட்டா உள்ள விட்டாக?"

சாவடி அதிகாரி சீட்டை நீட்டினார்.

திரைக்குள் போனவன் வரவேயில்லை. "ஒட்டிக்கிட்டு இருக்கான் சார்!" என்றார் ஏஜெண்டு. டீச்சரின் குடைக்கே உதறல் எடுத்தது. ஒருவழியாக முத்தையா வெறுங்கையோடு வெளியே வந்தான். அதிகாரி உள்ளே எட்டிப் பார்த்தார். எந்தப் பெட்டிமேலும் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

ஏஜெண்டுக்கு மனசு ஆறவில்லை. "யாருக்குலே போட்ட?" என்று மடக்கினார்.

"அதைச் சொல்லக் கூடாது அண்ணாச்சி."

அதிகாரி கை தட்டப் போய், பதவி ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

அன்று சாயங்காலம் டீச்சர் சாத்தூர் சேவுப் பொட்டலத்தை முத்தையா முன் பிரித்து வைத்தார். நானும் கூட இருந்தேன்.

"எனக்கு மட்டும் சொல்லுய்யா, முத்தையா. யாருக்குப் போட்ட?"

சேவு முழுவதையும் தின்று முடித்துக் கையைத் தட்டிக்கொண்டான். "யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீக?"

ஆபீஸ் ஆபீஸாகப் போய் எல்லாரையும் பதில் சொல்ல வைத்த டீச்சருக்கு அவன் கடைசிவரை பதில் சொல்லவில்லை. அதைத்தான் அவர் சாகும்வரை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்தார்.

இப்போதும் ஓட்டுப் போட வரிசையில் நிற்கும்போது, எங்கேயாவது ஒரு 'டொக்' கேட்காதா என்று என் காது ஏங்குகிறது.