தொண்டர் படைக் கைப்பட்டி பற்றிய ஒரு திருத்தம்

ஓல்போர்க், 28 ஏப்ரல்

மதிப்புக்குரிய செய்திமடல் ஆசிரியர் குணசேகரம் அவர்களுக்கு,

தங்களுக்கும் இல்லத்தாருக்கும் இறைவன் நற்சுகம் தருவாராக. எனக்குக் கோபத்தைத் தவிர வேறு வருத்தம் இல்லை.

என் தகப்பனார் சந்தியாப்பிள்ளை குண்டுக்குப் பயந்து ஓடினார் என்று நமது தமிழ்ச் சங்கத்தில் கதைக்கிறார்கள். அது பிழை. அவர் ஓடவில்லை, சைக்கிளில் போனார். 1942இல் திருகோணமலையில் ஊரவர் சேர்ந்து நடத்திய தொண்டர் காவல் படையில், குண்டு விழுந்தால் அடுத்த காவலிடத்துக்குச் செய்தி கொண்டுபோவது அவர் கடமை. சித்திரை ஒன்பதாம் திகதி காலை ஜப்பான்காரனின் குண்டு விழுந்தது, கொண்டுபோனார். அடுத்த இடத்தில் ஆளில்லை, அதற்கடுத்ததிலும் ஆளில்லை, பொறுப்பெடுக்க ஒருவருமில்லாத செய்தியை நடுத்தெருவில் போட்டுவிட்டா வருவது? வவுனியா கடந்து யாழ்ப்பாணம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆவணியில் திரும்பினார். இது ஓட்டமென்றால் தபாற்காரர் எல்லோரும் கோழைகள்.

மே நான்காம் திகதி டென்மார்க் விடுதலை நாள் கண்காட்சிக்கு, காவலர் அடையாளமாகக் கையில் கட்டும் அவர் கைப்பட்டியைத் தந்தவள் நான். இந்த வரலாற்றை எழுதித் தந்தவளும் நானே. அதை வாசித்துவிட்டு, கண்காட்சிக் குழுச் செயலாளர் நிறோஷினி, பூசை முடிந்து கோப்பி குடிக்கும் இடத்தில் எல்லோர் முன்னாலும், "அன்ரி, ஜெர்மன்காரனோட சண்டை பிடிச்ச டெனிஷ் ஆளின்ர பட்டிக்குப் பக்கத்தில ஓடின ஆளின்ர பட்டியை வைக்கேலுமே? எடுக்கப்போறம்" என்கிறாள். தாங்களோ, "அதில என்ன எழுதியிருக்கு, அக்கா?" என்று கேட்டீர்கள். நீலத் துணி, வெள்ளை விளக்கு, கீழே இலத்தீன். கன்னியர் மடத்தில் படித்தவள் பொய் சொல்லலாமா? "வைத்த இடத்தில் நிற்பேன்" என்று மொழிபெயர்த்தேன். தங்களுக்குச் சிரிப்பில் கோப்பி மூக்கால் வந்தது. ஐயா, அது சின்னத்தில் பொறிக்கும் வாசகம், கட்டளை அல்ல. பட்டி கண்ணாடிப் பெட்டியிலேயே இருக்க வேண்டும்.

தங்கள் மனைவிக்கு என் அன்பு. தங்கள் மூக்குக்காகச் செபிக்கிறேன்.

இப்படிக்கு,
திருமதி செலீனா அல்பேட்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது மன்னாரிலிருந்து என் அக்கா மேரிகிறேஸ் தொலைபேசி எடுத்தார். குண்டு விழுந்தபோது அவருக்கு எட்டு வயது, நான் பிறக்கவேயில்லை. வாசித்துக் காட்டினேன்.

"விசரி! அப்பு பட்டியைக் கழட்டி எறிஞ்சிட்டெல்லோ சைக்கிள் ஏறினவர். அதைக் கையில கட்டிக்கொண்டு, விசிலும் ஊதி, தெருச்சனத்தை முழுக்கப் பதுங்குகுழிக்குள்ள இறக்கினது அம்மா. ஆவணி வரைக்கும் அவதான் காவல்."

"ஏனக்கா இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"நீ எப்பவும் அப்புவைப் பற்றியெல்லோ கேக்கிறனி."

ஆகவே மேலே எழுதியவற்றைத் தள்ளிவிடவும். பட்டியை எடுக்க வேண்டாம். அட்டையில் அப்புவின் பெயரை வெட்டிவிட்டு, என் தாயார் பெயரை, மதலேனம்மா என்று எழுதவும். முடியுமா, முடியாதா என்பதை எனக்கு எழுத்தில் அறியத்தரவும்.