பாட்காஸ்ட் கேட்கிற மாப்பிள்ளை

பேசி முடித்த மாப்பிள்ளையோடு முதன்முதலாகப் போனில் பேசும்போது எந்தப் பெண்ணும் முழு உண்மை பேசுவதில்லை. என் சிநேகிதி ஒருத்தி, தினமும் காலையில் ஓடுவேன் என்று சொல்லி வைத்தாள். (பஸ்ஸைப் பிடிக்கத்தான்.) பாவம், இன்றுவரை புருஷனோடு மைதானத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். நான் சொன்ன பொய் அவ்வளவு பெரிதில்லை. வந்த வினைதான் பெரிது.

"சும்மா இருக்கறப்ப என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டார் அருள். பாலக்கோட்டுக்காரர். சொட்டுநீர்க் குழாய் விற்கும் கம்பெனியில் வேலை. நாளெல்லாம் பைக்கில் ஊர் ஊராகப் போகிறவர். "நானு வண்டில போறப்ப பாட்காஸ்ட் கேப்பனுங்க. நீங்க?"

நான் பாப்பாரப்பட்டியிலிருந்து தர்மபுரிக்கு பஸ்ஸில் போய், ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பவள். பஸ்ஸில் டிரைவர் போடும் பாட்டைத் தவிர வேறு எதுவும் கேட்டறியாதவள். ஆனால் படித்த பெண் இல்லையா?

"நானும் அதேதாங்க. பாட்காஸ்ட்டுனா எனக்கு உசுரு."

"அட! எந்த ஆப்ல கேக்கறீங்க?"

உசுரு என்று சொன்ன வாய் அப்படியே ஒட்டிக்கொண்டது. "சிக்னல் கட்டாவுதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். (டவர் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரில்தான் நிற்கிறது.)

முன்பே பெண் பார்த்துவிட்டுப் போன அவர் வீட்டார் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருவதாக ஏற்பாடு. மாதா கோயிலில் மூன்று வாரம் எங்கள் பெயரைச் சொல்லி கல்யாண ஓலை வாசிக்க வேண்டுமே, அதற்கும் கல்யாணத்துக்கும் நாள் குறிக்க. அதற்குள் எனக்கு ஒரு ஆப் வேண்டும். வருஷக்கணக்காகக் கேட்டு ஊறியவள் மாதிரி அதைப் பற்றிப் பேசவும் வேண்டும்.

முதலில் இறக்கிய ஆப்பில் இரண்டு வெள்ளைக்காரர்கள் எதையோ சொல்லி அவர்களே சிரித்தார்கள். பக்கத்து வீட்டு விசேஷத்தை சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பது போல இருந்தது. அடுத்ததில் விளம்பரத்துக்கு நடுவே எப்போதாவது நிகழ்ச்சி வந்தது. இன்னொன்று, போனில் இடமில்லை, எதையாவது அழி என்றது. சின்ன வயதில் வெள்ளை கவுனில் எடுத்த என் புதுநன்மைப் படங்களை அழித்து இடம் கொடுத்தேன், அப்புறம் மாதச் சந்தா கட்டு என்றது. வேறொன்று ஒரு அம்மாள் குரலில் "மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கள், உங்கள் கவலைகள் கரைகின்றன" என்றது. கரைந்துவிட்டேன். கண்டக்டர் தட்டி எழுப்பியபோது பஸ் பாப்பாரப்பட்டியைத் தாண்டி பென்னாகரத்தில் நின்றது.

வீட்டில் அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "எந்நேரமும் போன்ல என்னடி தேடற?"

"பாட்காஸ்ட்டும்மா."

"பாட்டுக்குக் காசா? அதெல்லாம் ஒண்ணும் குடுக்காத. ரேடியோல ஓசிலயே வருது."

கடைசியில் ஞாயிறு காலை பூசை முடிந்து வந்ததும் ஒரு ஆப் அகப்பட்டது. தொட்ட இடமெல்லாம் தமிழ். உங்கள் தொடர்பில் இருப்பவர்களைக் காட்டட்டுமா என்றது, காட்டு என்றேன். அறிவிப்பு அனுப்பட்டுமா என்றது, அனுப்பு என்றேன். அப்போதிருந்த மனநிலையில் அது கிட்னி கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். காட்டிய முதல் பெயரே அருள்! இதுதான் அவருடைய ஆப். கர்த்தரே வழிகாட்டிவிட்டார் என்று நினைத்து அவரைப் பின்தொடர்ந்தேன். உடனே அவரும் என்னைப் பின்தொடர்ந்தார். கல்யாணமே பாதி முடிந்தது போல எனக்குக் கன்னமெல்லாம் சூடாகிவிட்டது.

ஆப்பின் நடுவில் பெரிதாக ஒரு மைக் படம் இருந்தது. மற்ற ஆப்களில் மைக்கைத் தொட்டு வாயால் சொன்னால் தேடித் தரும். இதிலும் தொட்டு, "சொட்டுநீர்ப் பாசனம்" என்று தெளிவாகச் சொன்னேன். ஒன்றும் வரவில்லை. சிவப்பாக ஒரு புள்ளி மட்டும் விட்டுவிட்டு மின்னியது. தேடுகிறது போலிருக்கிறது, தேடட்டும் என்று விட்டேன். அதற்குள் அம்மா வெங்காயம் உரிக்கக் கூப்பிட்டாள். போனை சமையல் மேடையில் உப்பு ஜாடி மேல் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அடுப்பில் கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தாள் பிலோமினா அத்தை. அப்பாவின் தங்கை. மனதுக்கும் வாய்க்கும் நடுவில் அத்தைக்குக் கதவு கிடையாது.

"அந்த மாப்ள வூட்டு அம்மா இருக்குதே, வாயத் தொறந்தா பாலக்கோட்டு மண்டில தக்காளி ஏலம் வுடற மாதிரியே இருக்குது அண்ணி."

"அவங்க வூட்டுக்காரரு பாவம்" என்றாள் அம்மா. "ஆமா ஆமான்னு ஆட்டியே கழுத்து தேஞ்சிருக்கும். இந்தா, முழு முந்திரிய மாப்ள தட்டுல வெய்யி. மத்தவங்களுக்கு ஒடஞ்சதே போதும்."

"ஏன்டி ஜெசிந்தா, மாப்ள எப்பிடி? புடிச்சிருக்குதா?"

"மூஞ்சி பரவால்ல அத்தை. காதுதான் மொறம் மாதிரி. வண்டில போறப்ப காத்துக்கு மடங்குமோ என்னமோ."

சொன்னேன். நான்தான் சொன்னேன். அதோடு நிறுத்தினேனா? "பாட்காஸ்ட்டுனா என்னன்னே எனக்கு இந்த வாரந்தான் தெரியும். அவருகிட்ட உசுருன்னு அள்ளி வுட்டிருக்கறேன். நம்பிட்டாரு!" என்று சொல்லிச் சிரித்தேன். அத்தை கரண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வெங்காயம் முடிந்ததும் கண்ணில் தண்ணீர் வழிய வழியப் போனை எடுத்தேன். திரையில் மங்கலாக ஒரு பச்சைப் பொத்தான். "வெளியேறு" என்று எழுதியிருந்தது. சரி, வெளியேறுவோம் என்று அமுக்கினேன்.

அது "வெளியேறு" இல்லை. "வெளியிடு".

இது எனக்கு அப்போது தெரியாது.

மதியம் வேன் வந்து நின்றது. அருள்தான் ஓட்டி வந்தார். இறங்கும்போதே சந்து முனை வரை குரல் கேட்கும் அவருடைய அம்மா சகாயமேரி, அன்று சத்தமே இல்லாமல் இறங்கினார். முகம் உப்பியிருந்தது. அவருடைய அப்பா கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். யாரோ செத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

"வாங்க, வாங்க. ஏனுங்க, ஒண்ணுமே பேச மாட்டேங்கறீங்க?" என்றாள் அம்மா.

"வேணாமுங்க" என்றார் சகாயமேரி. "நானு வாயத் தொறந்தா ஏலம் வுடற மாதிரி இருக்கும்."

அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை என்னைப் பார்த்தாள். நான் மாதா படத்தைப் பார்த்தேன். மாதா எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். இவர்களுக்கு யார் சொன்னது? எப்படி? சமையலறை ஜன்னல் கூடச் சாத்தித்தானே இருந்தது!

அத்தை கேசரியை நீட்டினாள். சகாயமேரி தட்டை விரலால் ஒரு கிளறு கிளறி, ஒரு துண்டை எடுத்து எல்லாருக்கும் காட்டினார். "ஒடஞ்ச முந்திரி" என்றார்.

அம்மா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். அருளின் அப்பா கழுத்தைத் தடவிக்கொண்டார். அவருடைய தோள் இரண்டும் குலுங்கின. ஒன்றும் தெரியாத என் அப்பா மட்டும், "சுளுக்குங்களா? தைலம் எடுத்தாரட்டுமா?" என்று விசாரித்தார்.

நான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் சமையலறைக்குள் ஓடினேன். பின்னாலேயே அருள் வந்து வாசற்படியில் நின்றார்.

"உங்க பாட்காஸ்ட் கேட்டோமுங்க. நல்லாருந்துச்சு."

"எந்தப் பாட்காஸ்ட்டுங்க?"

போனை நீட்டினார். என் பெயர். என் படம். கீழே "பெயரிடாத அத்தியாயம்" என்று ஒன்று. தொட்டார். "சொட்டுநீர்ப் பாசனம்" என்று என் குரல் ஆரம்பித்தது. பிறகு வெங்காயம், ரவை, ஏலம், கழுத்து. மொறம் வருவதற்குள் நான் போனைப் பிடுங்கிவிட்டேன். உலகத்தில் மனிதர்கள் பயத்தில் கல்லாகிப் போனதாகக் கதை சொல்வார்களே, அது நடக்கக்கூடியதுதான்.

"வண்டி ஓட்டறப்ப அறிவிப்பு வந்துச்சுங்க, நீங்க புதுசா ஒண்ணு போட்டிருக்கறதா. நீங்களே பாட்காஸ்ட் பேசறவங்கன்னு எனக்குத் தெரியாதே, பெருமையாப் போச்சு. எல்லாரும் கேக்கட்டும்னு ஸ்பீக்கர்ல வுட்டுட்டனுங்க" என்றார். குரலில் கோபம் இல்லை, திகைப்புதான் இருந்தது. "எங்கப்பா சிரிச்சு நானு பாத்ததே இல்ல. அந்த மொறம் எடத்துல சிரிச்ச சிரிப்புல வண்டிய ஓரங்கட்டிட்டோம். அம்மா, வண்டியத் திருப்புடான்னுட்டாங்க."

என் போனை எடுத்துப் பார்த்தால், லேபில் கூட வேலை செய்கிற கலா "கேசரி ஆச்சா?" என்று கேட்டிருந்தாள். கோயில் பாடற்குழு அக்கா அழுது சிரிக்கும் பொம்மை அனுப்பியிருந்தார். என் தொடர்பில் இருந்த அத்தனை பேருக்கும் அறிவிப்பு போயிருக்கிறது! உடனே அழித்தேன். அழித்து என்ன, கேட்ட காதுகளை அழிக்க முடியுமா? அதிலும் எதிரில் நிற்பவருடையதை!

கூடத்துக்குப் போய், அழுகையும் விக்கலுமாக நடந்ததைச் சொன்னேன். அப்பா எழுந்து நின்றுவிட்டார். "ரேடியோல வந்துட்டமா?" என்றார். அத்தை தலையில் முக்காடு போட்டுக்கொண்டாள்.

சகாயமேரி தட்டைக் கீழே வைத்தார்.

"எனக்கு ஆத்தரந்தான். திருப்புன்னுதான் சொன்னேன். அப்பறம் ஒண்ணு தோணுச்சு. போன தடவ இங்கிருந்து போறப்ப வண்டில நாங்க பேசினத எவனாச்சும் ரெக்கார்டு பண்ணியிருந்தா, இன்னைக்கு நீங்க எங்களுக்குக் கதவே தொறந்திருக்க மாட்டீங்க."

இதை அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் அம்மாவால் முடியுமா?

"அப்பிடி என்னங்க பேசினீங்க?"

"வுடுங்க."

"இல்ல, சொல்லுங்க. நாங்க பேசினத நீங்க கேட்டீங்கல்ல?"

சகாயமேரி தன் புருஷனைப் பார்த்தார். அவர் ஆமா என்று தலையாட்டினார். அவ்வளவுதான், ஏலம் ஆரம்பித்தது.

"கேசரி சிமெண்டுக் கலவையாட்டம் இருந்துச்சுன்னேன். ஜன்னல் துணி பழைய சேலையக் கிழிச்சுத் தெச்சதுன்னேன். பொண்ணோட அப்பாரு மீசைக்கு மட்டும் டை அடிச்சுட்டுத் தலைய மறந்துட்டாருன்னேன். அத்தைக்காரி நம்மள எடை போடறதுக்குன்னே நடுவுல உக்காந்திருந்தான்னேன். பொண்ணு சிரிச்சா ஈறு தெரியுது, சிரிக்காத மாதிரி போட்டோ எடுக்கச் சொல்லணும்னேன். போதுங்களா?"

நான் வாயை மூடிக்கொண்டேன். அப்பாவின் கை மீசைக்குப் போனது. அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து, இத்தோடு முடிந்தது கல்யாணம் என்று நினைத்தேன். அம்மா ஜன்னலைப் பார்த்தாள். கேசரியைப் பார்த்தாள்.

"சேல பழசுதான்" என்றாள் மெதுவாக. "ஆனா கிழிக்கல. முழுசாத்தான் மாட்டியிருக்கறேன்."

முதலில் சிரித்தது அருளின் அப்பா. சிரித்தாரா, வெடித்தாரா என்று தெரியவில்லை. அப்புறம் என் அப்பா. அப்புறம் முக்காட்டுக்குள்ளிருந்து அத்தை. கடைசியாக சகாயமேரியும் உதட்டைக் கடித்துப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டார். அம்மா உள்ளே போய் முழு முந்திரி டப்பாவை எடுத்து வந்து அவர் மடியிலேயே வைத்தாள். அன்றே ஓலைக்கும் கல்யாணத்துக்கும் நாள் குறித்தார்கள்.

கல்யாணமாகி நான் பாலக்கோட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு வீட்டிலும் இன்றைக்கும் யாராவது யாரைப் பற்றியாவது ஆரம்பித்தால், "போன் எங்க இருக்குது?" என்று ஒரு குரல் முதலில் கேட்கும். எல்லாப் போனும் கவிழ்த்து வைக்கப்பட்ட பிறகுதான் பேச்சு தொடங்கும். கூடப்படித்தவர்கள் வழியில் பார்த்தால், "அடுத்த எபிசோடு எப்ப?" என்கிறார்கள். என் கல்யாண ஆல்பத்தில் நான் எந்தப் படத்திலும் சிரிக்கவில்லை.

என் மாமனார் இப்போதெல்லாம் சாயங்காலம் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது காதில் இயர்போன் மாட்டிக்கொள்கிறார். வரப்பில் தனியாக நின்று தலையை ஆட்டுகிறார், கண்ணைத் துடைக்கிறார். "வயசானா பக்தி வந்துருது பாரு. ஜெபமாலை கேட்டே அழுவறாரு" என்று அத்தை, அதாவது என் மாமியார், அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் அழிப்பதற்கு முன்பே அவர் அதை டவுன்லோடு செய்து வைத்துக்கொண்டார் என்பது எனக்கும் அருளுக்கும் மட்டும்தான் தெரியும்.