எட்டாம் எண் பிராசஸரை மீட்ட காதை

பதினாறு பிராசஸர்களைத் தன் வயிற்றில் அடக்கிய கரிய இரும்புப் பெட்டியின் காவலனும், கோடையிலும் கம்பளிச் சட்டை அணிய வைக்கும் கண்ணாடி அறையின் தனிக்கோமகனும், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையையே வாகைமாலையாகச் சூடியவனும், முட்டைக்கரு வைத்த நிலா விழாப் பலகாரங்களை நாடெங்கும் அனுப்பும் பான்சியாவ் அடுமனையின் சர்வர் பொறுப்பாளனுமாகிய யென் போலின் வாழ்க. அவன் கண்கள் வாழ்க, அவை எண்களைக் கண்டு கலங்கியபோதிலும். அவன் கை வாழ்க, அது நெடுநேரம் சரியான விசையைத் தொடாதபோதிலும்.

நிலா விழாவின் முந்தைய நாள் பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். (சுவர்க் கடிகாரம் இரண்டு நிமிடம் முந்திப்போவது, எட்டு நிமிடமாகவும் இருக்கலாம்.) கட்டும் கூடத்தில், முற்றுகையிட்ட படையெனத் தோளோடு தோள் உரசி நின்றன மூவாயிரத்து எண்பது பலகாரப் பெட்டிகள். ஒன்றின் மீதும் முகவரிச் சீட்டு இல்லை. சர்வர் கணித்துத் தந்தால்தான் அச்சு எந்திரங்கள் ஐந்தும் சீட்டை உமிழும். அதுவோ, வறண்ட குன்றில் கசியும் சுனையைப் போல நிமிடத்துக்கு ஏழு சீட்டுகளை மட்டும் ஈந்துகொண்டிருந்தது. அந்த வேகத்தில் இரவு பத்தரை ஆகும். யென் போலினின் சட்டைப் பையிலோ, விற்பனை திறந்த நான்காம் நிமிடத்தில், பதினோராம் முயற்சியில் வென்றெடுத்த, மாமனார் ஊரான தைதுங்குக்குப் போகும் ரயில் சீட்டு இருந்தது. புறப்பாடு ஐந்து பத்து. மூன்று ஆண்டுகளாக விழாவுக்குப் போகாத மருமகனுக்கு மாமனார் அன்று காலைதான் குரல் செய்தி அனுப்பியிருந்தார்: "இந்த வருஷமும் வரலேன்னா இனி உனக்குன்னு ஒரு துண்டு கறி அடுப்புல போட மாட்டேன், மாப்பிள்ளை."

அப்போது, வெற்றிலையைக் குதப்பியபடி, மதங்கொண்ட களிறு மூங்கில் காட்டைப் பிளந்து வருவதுபோல் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் மேனேஜர் வேய் குவோருய். கையிலிருந்த பலகைக் கணினியில் வட்டமான அளவுமானி ஒன்று பச்சையாக ஒளிர்ந்தது. அவர் அதை வாளென உயர்த்திப் பிரகடனம் செய்தார்.

"ஆறு. நல்லாப் பாரு, போலின். நூத்துக்கு ஆறு. உன் சர்வர் சும்மா படுத்துக் கெடக்கு. அப்ப தாமதம் யாரால? கட்டுற கூடத்து ஆளுங்களால. கடைசிப் பெட்டி வண்டியேறுற வரைக்கும் ஒருத்தரும் வீட்டுக்குப் போகக் கூடாது."

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கட்டும் கூடத்துத் தலைவி சுவாங் அக்காவின் குரல் அம்பெனப் பாய்ந்தது.

"என் ஆளுங்க பதினெட்டுப் பேரு கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க, மேனேஜர். சீட்டு வந்தாத்தானே ஒட்ட முடியும்? வேணும்னா அந்த ஆறைக் கொடுங்க, அதைப் பெட்டியில ஒட்டி அனுப்புறேன்."

மேனேஜர் தம் முதல் படைக்கலத்தை எடுத்தார். சர்வரின் தலைமேல், அது முரண்டு பிடிக்காமல் இருப்பதற்காக ஊர் நம்பிக்கைப்படி வைத்திருந்த பச்சைப் பை சோளப்பொரியை இறக்கி, தேதி பார்த்து, காலாவதி ஆகவில்லை என்று கண்டும், ஐயம் தீராமல் புதுப் பை வாங்கி வரச் செய்து, இரு கைகளாலும் ஏந்தி வைத்தார். அளவுமானி அசையவில்லை. ஆறு.

பின்னரே நம் நாயகன் களம் புகுந்தான். ஓடும் நிரல்களின் பட்டியலைத் திரையில் விரித்தான். சீட்டு கணிக்கும் பணியாள் நிரல்கள் பதினாறு, பதினாறு வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஆறேகால். சமமாகப் பங்கிட்ட சோற்றுருண்டைகளைப் போல் அவை அழகாக அடுக்கி நின்றன. அவன் மகிழ்ந்தான், பிறகு, எதையும் இருமுறை சரிபார்க்கும் கெட்ட பழக்கத்தால் கூட்டிப் பார்த்தான். நூறு வந்தது. மீண்டும் கூட்டினான். நூறேதான்.

"இங்க நூறு, அங்க ஆறு," என்றார் மேனேஜர். "ரெண்டுல எது பொய்? தலைமை ஆபீஸுக்கு எதை எழுத?"

"ரெண்டுமே உண்மையா இருக்கும்போல, மேனேஜர்."

"அப்படி எழுதினா என்னைத்தான் டாக்டர்கிட்ட அனுப்புவாங்க."

இருபது நிமிடம் அவன் வேர்வையின்றி வேர்த்தான். இறுதியில், பிராசஸர்களைத் தனித்தனியே காட்டும் அந்த ஒற்றை விசையை, முதல் நிமிடத்திலேயே தொட்டிருக்க வேண்டியதை, மூன்று நாற்பதுக்குத் தொட்டான். திரை பதினாறு தூண்களாகப் பிளந்தது. பதினைந்து தூண்கள் வெறுமை. எட்டாம் எண் மட்டும் உச்சிவரை செந்தழலாய் எரிந்தது.

அந்தோ, என்ன காட்சி அது. பதினாறு தளபதிகள் ஒரே குதிரையின் முதுகில் ஏறி அமர்ந்து, ஆளுக்குப் பதினாறில் ஒரு பங்கு சேணத்தைப் பற்றிக்கொண்டு போருக்குப் புறப்பட்டிருக்க, மீதிப் பதினைந்து குதிரைகளும் லாயத்தில் புல் மென்றுகொண்டிருந்தன. பட்டியலோ அந்த ஒரு குதிரையை நூறு என்று கொண்டு, அதன் மூச்சிரைப்பை அளந்தது. மேனேஜரின் வட்டமோ லாயம் முழுவதையும் நூறு என்று கொண்டு, "எல்லாம் அமைதி, ஆறே ஆறு" என்று அறிவித்தது.

பதினாறு நிரல்களையும் அந்த எட்டாம் எண்ணோடு கட்டியது யார்? முன்னாள் பொறுப்பாளர் லோ அண்ணன். ஓய்வு பெற்று மீன்பிடித் தூண்டிலோடு கீலுங் கரையில் வாழும் அவரை அலைபேசியில் அழைத்தான் போலின்.

"எட்டா? ஆமா, நான்தான் கட்டிவெச்சேன்," என்றார் அவர், அலையோசைக்கு நடுவே. "எட்டு நல்ல நம்பர்ப்பா. என் வண்டி நம்பர்லயும் ரெண்டு எட்டு. சீட்டு நிரலுக்கு ஒரு ராசியான எடமாப் பாத்து உக்கார வெச்சேன். அப்பல்லாம் நாளைக்கு நாப்பது பெட்டிதான்."

"அவுத்து விட்டுடவா, அண்ணே?"

"விடு, விடு. ஆனா நாலாம் நம்பருக்கு மட்டும் அனுப்பிடாதே. சாவு நம்பர். சொன்னாக் கேளு."

நம் நாயகன் பகுத்தறிவின் புதல்வன். மாலை வகுப்பில் கணித்தர்க்கம் பயின்று சான்றிதழ் பெற்றவன். ஆயினும் ரயில் பயணம் முன்னிருக்கும் நாளில் நான்கோடு மோத அவன் துணியவில்லை. நான்காம் எண்ணை விலக்கி, மீதிப் பதினைந்துக்கும் வழி திறந்தான். மணி நான்கு பன்னிரண்டு.

மடை உடைந்தது. கார்கால மேகத்தின் கதவுகள் ஒருங்கே திறந்தாற்போல் ஐந்து அச்சு எந்திரங்களும் முழங்கின. நிமிடத்துக்கு ஏழு ஈந்த சுனை நிமிடத்துக்கு நூற்றைந்து சொரியும் பேரருவியாயிற்று. பதினெட்டு வீரர்களின் முப்பத்தாறு கரங்களும் கண்ணுக்குத் தெரியாத விரைவில் சுழன்றன. "தம்பி, கொஞ்சம் மெதுவா விடு, எனக்கு ரெண்டு கைதான்," என்று சுவாங் அக்கா கூவியது வாழ்த்தொலியாகவே கேட்டது.

ஆனால் மேனேஜரின் கையிலிருந்த வட்டம் பச்சையிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து குருதிச் சிவப்பாகி, தொண்ணூற்று நான்கு என்று கொக்கரித்தது.

"என்ன பண்ணித் தொலைச்ச?" அவர் முகம் வெளுத்தது. "ஆறா இருந்ததைத் தொண்ணூத்து நாலு ஆக்கிட்ட. வெடிச்சிடும் இது. நிறுத்து."

"இப்பத்தான் எல்லாம் வேலை செய்யுது, மேனேஜர். அதான் ஏறியிருக்கு."

"இந்தச் செவப்போட நான் ரிப்போர்ட் அனுப்ப மாட்டேன். இது ஒத்தை இலக்கத்துக்கு எறங்குற வரைக்கும் நீ இந்த அறையை விட்டு நகரக் கூடாது."

நிறுத்தினால் இரவு பத்தரை, நிறுத்தாவிட்டால் சிறை. விசைப்பலகையின் மேல் கைகளைக் கோத்து, எதையும் தொடாமல் இருப்பது என்னும் கடும் போரில் இறங்கினான் யென் போலின். நான்கு இருபது: தொண்ணூற்று நான்கு. நான்கு முப்பது: தொண்ணூற்று நான்கு. மேனேஜர் பெட்டியின் முன் கைகூப்பி நின்றார். சட்டைப் பையில் ரயில் சீட்டு நெஞ்சோடு சேர்ந்து துடித்தது.

நான்கு முப்பத்தேழுக்குக் கடைசிப் பெட்டியின் சீட்டு வெளிவந்தது. செய்ய ஏதுமின்றிப் போன பிராசஸர்கள் பதினைந்தும் ஒரு நொடியில் அடங்கின. வட்டம் பச்சையாயிற்று. ஒன்று.

"பாத்தியா," என்றார் மேனேஜர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "கண்டிப்பாச் சொன்னாத்தான் எறங்குது. போ, போ, மாமனார் காத்துக்கிட்டிருப்பாரு."

பாய்ந்தான் யென் போலின். பலகாரப் பெட்டிகளின் மலையிடுக்கைக் கடந்து, ஸ்கூட்டர்களின் கடலை நீந்தி, மூன்று சிவப்பு விளக்குகளின் சினத்தைப் பொறுத்து, முதுகுப் பை கொடியெனப் பறக்க, நூற்று நான்கோ நூற்று ஆறோ படிகளை இரண்டிரண்டாக விழுங்கி இறங்கி, உலகனைத்தும் திரண்டு வந்து தடுத்தாலும் ஐந்து பத்துக்கு முன் நடைமேடையில் நின்றே தீர்வேன் என்ற சூளுரையை மூச்சிரைப்புக்கிடையே நிறைவேற்றி, ஐந்து மணி எட்டு நிமிடத்துக்கு, தலைவிரி கோலமாய், வெற்றித்தூண் போல அங்கே நின்றான்.

ரயில் பன்னிரண்டு நிமிடம் தாமதமாக வந்தது, ஏறிக்கொண்டான்.