ஞாயிற்றுக்கிழமை எரியாத வயிறு

ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவே, லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்திருந்த மெக்கானிக்குக்கு ஏப்பம் வந்தது. ஏப்பத்தின் பின்னாலேயே நெருப்பும் வந்தது. நெஞ்சைத் தடவிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து குட்டி நோட்டை எடுத்து எழுதினார்: "காலை பதினொன்று. வாழைப்பழம் ஒன்று. எரிகிறது."

இருபது வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர். உயரத்தில் தொங்குவதற்கெல்லாம் அசரமாட்டார். ஆனால் டாக்டர் சொன்ன ஒரு வார்த்தை அவரைப் படாதபாடு படுத்திக்கொண்டிருந்தது.

"நாலு வாரம் சாப்பாட்டுல கட்டுப்பாடா இருங்க. அப்பவும் குறையலன்னா தொண்டை வழியா குழாய் விட்டுப் பாத்துடலாம்."

"எவ்ளோ நீளம் டாக்டர்?"

டாக்டர் இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினார். மெக்கானிக்குக்கு அங்கேயே வியர்த்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் திட்டத்தை விளக்கினார். "லிஃப்ட் மக்கர் பண்ணா நாங்க என்ன செய்வோம்? ஒவ்வொரு வயரா கழட்டிப் பாப்போம். எதைக் கழட்டினா சரியாகுதோ, அதான் குற்றவாளி. வயித்துக்கும் அதே கதைதான்."

"கழட்டுங்க. திரும்ப மாட்டத் தெரிஞ்சா சரி," என்றாள் மனைவி.

முதலில் காபியைக் கழற்றினார். ஒரு நாளைக்கு ஆறு டம்ளர் குடித்த மனுஷன்! தலைவலி வந்தது, எரிச்சல் போகவில்லை. அடுத்து மிளகாய். அப்புறம் எண்ணெய், தக்காளி, வெங்காயம். தட்டு வெளுத்துக்கொண்டே வந்தது, எரிச்சல் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

மனைவி தன் பங்குக்குக் களத்தில் இறங்கினாள். காலையில் சீரகத் தண்ணீர், பத்து மணிக்குக் குளிர்ந்த பால், சாயங்காலம் இஞ்சிச் சாறு. இஞ்சிச் சாறு போன வேகத்தில் திரும்பி வந்தது. கட்டிலின் தலைமாட்டுக்கு இரண்டு செங்கல் முட்டுக்கொடுத்தாள். விடியும்போது அவர் வழுக்கிப்போய்க் கால்மாட்டில் சுருண்டு கிடந்தார். கழுத்தும் பிடித்துக்கொண்டது.

கீழ்த்தளத்தில் தையல்கடை வைத்திருந்த மனைவியின் தம்பி ஒரு கட்டுப் புதினாவோடு வந்து நின்றான். மாமாவின் மேல் உயிரையே வைத்திருப்பவன். அவருடைய இரண்டு யூனிஃபார்ம் பேண்ட்டையும் வாராவாரம் அயர்ன் பண்ணித் தருவதும் அவன்தான்.

"ரெண்டே நாள்ல இப்படி வாடிப்போயிட்டீங்களே மாமா," என்று கண் கலங்கினான்.

புதினாவும் எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை, தொளதொளவென்ற அரைக்கால் சட்டையோடு பழைய மின்விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"எரியல!"

"நிஜமாவா?" மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள்.

"இன்னிக்கு என்ன போட்ட?"

"பிரெட்டும் அவிச்ச உருளைக்கிழங்கும்."

பிடித்துவிட்டார் மருந்தை! திங்கட்கிழமை பிரெட்டும் உருளைக்கிழங்குமாக வேலைக்குப் போனார். பதினொரு மணிக்கு நெஞ்சு தீப்பிடித்தது.

சாப்பாடு குற்றவாளி இல்லையென்றால் தண்ணீரோ? வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுபோனார். எரிந்தது. லிஃப்டில் ஏறி இறங்குவதால் வயிறு குலுங்குகிறதோ? படியேற ஆரம்பித்தார். லிஃப்ட் மெக்கானிக் மூச்சிரைக்கப் படியேறுவதைப் பார்த்து நாலாவது மாடிக்காரர் மிரண்டுபோனார்.

"லிஃப்ட் ரிப்பேரா?"

"லிஃப்ட் நல்லாத்தான் இருக்கு. நான்தான் ரிப்பேர்."

அடுத்த ஞாயிறும் எரியவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. வயிற்றுக்குக் கிழமை தெரியுமா என்று யோசித்து யோசித்து நோட்டே தீர்ந்துவிட்டது.

மூன்றாவது வாரம் புதுசாக ஒரு பூதம் கிளம்பியது. எடை மெஷினில் நாலு கிலோ குறைந்திருந்தது. ஆனால் பேண்ட் கொக்கி எட்டவில்லை.

"ஆளு இளைக்கிறேன், வயிறு ஊதுது," என்றார் மெல்லிய குரலில்.

மனைவி கொக்கியை இழுத்து மாட்டிவிட்டாள். உள்ளே ஏதோ வளர்கிறது என்று இருவருமே நினைத்தார்கள், இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டையும் கழற்றினார்.

நாலு வாரம் முடிந்தது. மைத்துனன் துணைக்கு வர, வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். வெறும் வயிறும் வழியெல்லாம் எரிந்தது. நர்ஸ் ஒரு பச்சை அங்கியை நீட்டினாள். பேண்ட்டைக் கழற்றி மைத்துனனிடம் கொடுத்துவிட்டு, அங்கிக்குள் புகுந்து, கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டார்.

பத்து நிமிஷம் கழித்துக் கண்ணைத் திறந்தார்.

"எரியல," என்றார் ஆச்சரியமாக. "குழாயைப் பாத்த பயத்துல ஓடிப்போச்சு போல."

டாக்டர் நோட்டைப் புரட்டினார், எடையைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "ஆறு கிலோ குறைஞ்சிருக்கீங்க. வயிறு ஒட்டிப்போய்க் கிடக்கு. ஊதுதுன்னு யாரு சொன்னா?"

"பேண்ட் சொல்லுது டாக்டர்! வாராவாரம் இறுக்கம் ஏறிக்கிட்டே போகுது. இன்னிக்குக் கொக்கி மாட்ட என் சம்சாரமும் இவனும் சேர்ந்து இழுக்கவேண்டியதாப்போச்சு."

மடித்த பேண்ட்டை மடியில் வைத்திருந்த மைத்துனன் கூச்சத்தோடு எழுந்து நின்றான்.

"அது ஒண்ணுமில்ல டாக்டர். மாமா இளைச்சுக்கிட்டே போறாரே, உசரத்துல நின்னு வேலை பாக்கறப்ப பேண்ட் நழுவிட்டா மானம் போயிடுமேன்னு, அயர்னுக்கு வர்றப்பல்லாம் நான்தான் இடுப்புல ஒரு அங்குலம் பிடிச்சுத் தெச்சு அனுப்பறேன்."